ஐஸ்கிரீம் கரண்டியும் லாக்கருக்குள் போன ஊசியும்: தீம் பார்க்கில் அலர்ஜியோடு சாப்பிடுவது

ஐஸ்கிரீம் விற்கிற கவுண்ட்டரில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். ஒவ்வொரு முறை அள்ளிய பிறகும் கரண்டியை அதில்தான் முக்கி வைப்பார்கள். வெண்ணிலா அள்ளிய கரண்டி, பிஸ்தா அள்ளிய கரண்டி, வேர்க்கடலை வெண்ணெய் கலந்ததை அள்ளிய கரண்டி, எல்லாம் அதே தண்ணீரில் நிற்கும். அப்புறம் அதில் ஒன்றை எடுத்துத்தான் பால் சேர்க்காத பழ ஐஸையும் அள்ளுவார்கள். மெனு பலகையில் பழ ஐஸுக்கு நேராக 'பால் இல்லை' என்று எழுதியிருப்பது பொய்யில்லை, செய்தபோது அதில் பால் சேரவில்லை. ஆனால் பிள்ளையின் கைக்கு வரும்போது சேர்ந்துவிட்டது.

என் மகனுக்குப் பாலும் முந்திரியும் ஆகாது. அவனுக்கு நாலு வயதானபோது ஒரு பெரிய தீம் பார்க்கில் இப்படி ஒரு கோப்பை பழ ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, கழுத்திலிருந்து வயிறு வரை தடிப்புத் தடிப்பாக எழும்பி, மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் முதலுதவி நிலையத்தைத் தேடி ஓடினேன். அங்கே ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டான். அன்றைக்கு நான் கேட்காமல் வாங்கவில்லை. இதில் பால் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். கேள்வியும் சரி, பதிலும் சரி. நடுவில் இருந்த கரண்டியை நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை. அதே தொட்டியில் பிஸ்தா கரண்டியும் நின்றது என்பதும், முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம், ஒன்று ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் இன்னொன்றும் ஆகாது என்பதும் பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் தீம் பார்க்குக்குப் போவதை நிறுத்தவில்லை. போன ஒவ்வொரு முறையும் கவனித்துக் கவனித்து ஒன்றைப் புரிந்துகொண்டேன். இந்த இடங்களில் ஆபத்து இருப்பது மெனுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இல்லை. நம் வாயிலிருந்து கிளம்பிய சொல் அடுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை கை மாறுகிறது என்பதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் சொல் கொஞ்சம் தேய்கிறது. நாம் செய்ய முடிகிற முக்கியமான வேலை அந்தக் கைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது.

ஒரு பர்கர் வருகிற வழியைப் பாருங்கள். நீங்கள் கவுண்ட்டரில் இருப்பவரிடம் சொல்கிறீர்கள். அவர் திரையில் எதையோ தட்டுகிறார். உள்ளே ஒரு சீட்டு அச்சாகிறது, அல்லது இன்னொரு திரையில் ஒரு வரி தெரிகிறது. கிரில்லில் நிற்பவர் இறைச்சியைப் புரட்டுகிறார். பன்னைச் சூடாக்குவது வேறு ஆள். எல்லாவற்றையும் அடுக்கிக் காகிதத்தில் சுற்றுபவர் வேறு, தட்டில் வைத்து எண்ணைக் கூப்பிடுபவர் வேறு. இந்த ஐந்தாறு பேரில் உங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குத் தெரிவதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும் ஒரு வரி, அந்த வரி 'சீஸ் வேண்டாம்' என்று இருந்தால் சீஸ் பிடிக்காத ஆள் என்று நினைத்துக்கொண்டு மேலே வைக்கிற சீஸை மட்டும் விட்டுவிடுவார்கள். பன்னில் தடவிய வெண்ணெய் அப்படியே இருக்கும். சீஸ் உருகி ஒட்டிய அதே கரண்டியால்தான் உங்கள் இறைச்சியையும் எடுப்பார்கள்.

அதனால் 'சீஸ் வேண்டாம்' என்று சொல்லவே கூடாது. 'பால் அலர்ஜி' என்று சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம், சமையலறையில் இரண்டும் வேறு வேறு வேலை. பயிற்சி கொடுத்த இடங்களில் 'அலர்ஜி' என்ற சொல் சீட்டில் ஏறினாலே கையுறை மாற்றுவது, கை கழுவுவது, தனிச் சட்டி, தனி இடுக்கி எடுப்பது என்று ஒரு முறை இருக்கும். மொபைல் ஆப்பில் ஆர்டர் செய்யும்போது சீஸுக்கு நேராக இருக்கும் டிக்கை எடுத்துவிடுவதும் 'பிடிக்காது' என்று சொல்வதற்குச் சமம்தான். ஆப்பில் அலர்ஜிக்கென்று தனிப் பகுதி இருந்தால் சரி, இல்லையென்றால் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆளிடம் போய்ச் சொல்வதே நல்லது.

அலர்ஜி என்றால் என்ன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கவுண்ட்டரில் குழப்பம் வருவது பாதி நேரம் இங்கேதான். உணவில் இருக்கும் ஒரு புரதத்தை உடம்பின் எதிர்ப்பு சக்தி எதிரி என்று தவறாக எடுத்துக்கொள்கிறது. ஐஜிஇ என்கிற எதிர்ப்புப் பொருள் அதை அடையாளம் கண்டதும் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்கள் உடம்புக்குள் ஒரேயடியாகக் கொட்டுகின்றன. தோல், மூச்சுக்குழாய், குடல், இரத்த ஓட்டம் எல்லாம் ஒன்றாகத் தடுமாறும் நிலைதான் அனாஃபிலாக்சிஸ், பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும். பால் செரிக்காமல் வயிறு உப்புவது வேறு, அது லாக்டோஸ் என்கிற சர்க்கரையைப் பற்றியது. 'பால் ஆகாது' என்று மொட்டையாகச் சொன்னால், நல்ல மனதோடு லாக்டோஸ் நீக்கிய பாலைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதில் சர்க்கரைதான் இல்லை, பால் புரதம் முழுதாக இருக்கிறது. எங்களுக்கு இது இரண்டு முறை நடந்திருக்கிறது, இரண்டு முறையும் கொண்டுவந்தவர் உதவுகிற சந்தோஷத்தோடு கொண்டுவந்தார்.

விலங்கிலிருந்து வந்த எதுவும் சேராதது என்று பொருள்படும் வீகன் என்ற சொல்லும் அப்படித்தான். பால் அலர்ஜிக்காரர்கள் அதைப் பார்த்ததும் நிம்மதியாவார்கள். பல வீகன் சீஸ்கள் முந்திரியில் செய்யப்படுபவை, என் மகன் மாதிரி இரண்டும் ஆகாதவனுக்கு அது நேரே பள்ளத்தில் இறங்குவதுதான். மேலும் வீகன் என்பது செய்முறையைப் பற்றிய வாக்கு, பக்கத்துச் சட்டியிலிருந்து எதுவும் தெறிக்காது என்ற வாக்கு அதில் கிடையாது. குளூட்டன் விஷயம் இன்னொரு மாதிரி: சீலியாக் நோய் அலர்ஜி அல்ல, கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்கிற புரதத்தால் உடம்பு தன் குடலையே தாக்கிக்கொள்வது. அமெரிக்காவில் 2013-ல் வந்த விதிப்படி 'குளூட்டன் இல்லாதது' என்று சொல்ல, பத்து லட்சத்தில் 20 பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். சீலியாக் உள்ளவர்களுக்கு அந்த அளவு போதும். கோதுமை அலர்ஜி உள்ளவர் அந்த அட்டையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது, குளூட்டனை நீக்கிய கோதுமை மாவுச்சத்து சேர்த்த பொருளுக்கும் அந்தப் பெயர் கிடைக்கலாம்.

சட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், முக்கியமாக வெளிநாட்டுப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு. அமெரிக்காவில் 2004-ல் வந்த சட்டம் பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா என்று எட்டைச் சொன்னது. எள் ஒன்பதாவதாகச் சேர்ந்து 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தச் சட்டம் பாக்கெட்டில் அடைத்து விற்கிற உணவின் லேபிளுக்கு, உணவக மெனுவுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து 14 பொருள்களைச் சொல்ல வேண்டும், பாக்கெட் இல்லாமல் தட்டில் வைத்துத் தரும் உணவுக்கும் அது பொருந்தும். அந்தப் பதினான்கில் கடுகு, செலரி, லூபின் என்கிற பருப்பு வகை, நத்தை சிப்பி வகை எல்லாம் உண்டு, அமெரிக்கப் பட்டியலில் இவை இல்லை. ஜப்பானில் கட்டாயப் பட்டியலில் பக்வீட் என்கிற தானியம் இருக்கிறது, 2023-ல் வால்நட்டும் சேர்ந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பூங்கா அச்சடித்துக் கொடுக்கிற அலர்ஜி மெனு பெரும்பாலும் அந்த நாட்டுச் சட்டத்தின் பட்டியலை ஒட்டித்தான் இருக்கும். கடுகு அலர்ஜி உள்ளவர் ஓர் அமெரிக்கப் பூங்காவின் அலர்ஜி மெனுவைப் பார்த்து, கடுகு என்று எங்கேயும் போடவில்லையே, அப்படியானால் எதிலும் இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் பெரிய தப்பு. அந்த மெனு கடுகைப் பற்றிப் பேசவே இல்லை. உங்கள் பொருள் பட்டியலுக்கு வெளியே என்றால் அந்த மெனுவை மூடி வைத்துவிட்டு, நேரே சமைக்கிறவரிடம் போய்விடுங்கள்.

பெரிய பூங்காக்களுக்கு ஒரு பலம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒரே செய்முறை, ஒரே சப்ளையர், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி வைத்த கோப்பு, அதைப் பார்த்துப் பேசப் பயிற்சி பெற்ற ஆட்கள். தெருமுனை உணவகத்தில் 'அந்த சாஸில் என்ன இருக்கிறது' என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள், இங்கே பாட்டிலையே எடுத்துவந்து காட்டுவார்கள். ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மேசை முன்பதிவு செய்யும்போதே அலர்ஜியைக் குறிப்பிடலாம், நிறைய உணவகங்களில் அலர்ஜிக்குத் தனி மெனு உண்டு, கண்ணாடிப் பாத்திரமும் அங்கே சூடாக்க வேண்டியதும் தவிர வெளியிலிருந்து உணவு கொண்டுபோகவும் விடுகிறார்கள். அதே நிறுவனம் எந்த உணவும் முழுக்க அலர்ஜிப் பொருள் அற்றது என்று உறுதி தர முடியாது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அந்தப் பெயருக்குள் இருக்கும் எல்லா உணவகமும் அந்த நிறுவனம் நடத்துவதல்ல என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. 2023 அக்டோபரில், டிஸ்னி வேர்ல்டின் கடை வளாகமான டிஸ்னி ஸ்பிரிங்ஸில், வேறொரு நிறுவனம் நடத்தும் உணவகத்தில் சாப்பிட்ட ஒரு மருத்துவர் அலர்ஜியால் இறந்துபோனார். பாலும் கொட்டைகளும் அவருக்கு ஆகாது. பரிமாறியவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்டு, உறுதி வாங்கிய பிறகே சாப்பிட்டார் என்றும், சில பதார்த்தங்கள் அலர்ஜிப் பொருள் இல்லாதது என்று காட்டக் குத்தி வைக்கும் சின்னக் கொடி இல்லாமல் மேசைக்கு வந்தன, கேட்டதற்குப் பரவாயில்லை என்று உறுதி சொன்னார்கள் என்றும் அவருடைய கணவர் தொடுத்த வழக்கின் மனு சொல்கிறது. அந்த உணவகம் எங்களுடையதல்ல என்றது டிஸ்னி. கணவர் முன்பு டிஸ்னி பிளஸ் என்ற இணையவழிப் பட சேவையின் சந்தாவுக்குப் பதிவு செய்தபோது ஏற்றுக்கொண்ட விதிகளைக் காட்டி, நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் மூலம்தான் இதைத் தீர்க்க வேண்டும் என்றும் வாதாடியது. எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியதும் 2024 ஆகஸ்டில் அந்த வாதத்தை விலக்கிக்கொண்டது. செய்திகள் எல்லாம் சந்தா விஷயத்தைத்தான் பேசின. எனக்கு மனதில் நின்றது அந்தக் கொடி. அடையாளம் இல்லாமல் ஒரு தட்டு வந்தால், யார் என்ன உறுதி சொன்னாலும், அதைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சமையலறையிலிருந்து ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டும். பசியோடு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது, எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தோடு, இதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செய்ய வேண்டும்.

கேட்கிற விதத்தில்தான் பாதி வேலை. 'இது பாதுகாப்பானதா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்ற பதில் தானாக வரும், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரமான ஒரு இளைஞர், பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது, வேறு என்ன சொல்வார்? ஆமாம் என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேளுங்கள். 'இந்த உருளைக்கிழங்கு வறுவல் பொரிக்கிற எண்ணெயில் வேறு என்னென்ன பொரிப்பீர்கள்?' என்று கேட்டால் அவர் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும், அல்லது தெரிந்தவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். இந்த எண்ணெய் விஷயம் மிக முக்கியம். உருளைக்கிழங்கும் எண்ணெயும் உப்பும் மட்டும் சேர்ந்த பண்டம் என்று நாம் நினைப்போம், ஆனால் அதே எண்ணெயில் மாவு தோய்த்த கோழியும் சீஸ் குச்சிகளும் இறாலும் மாறி மாறி மிதந்திருக்கும். கொதிக்கிற எண்ணெயில் கிருமி சாகும், ஆனால் அலர்ஜி தரும் புரதம் அப்படிக் காணாமல் போகாது, வேர்க்கடலையை வறுத்தால் அதன் வீரியம் கூடவே செய்கிறது. வறுவலுக்கென்று தனிச் சட்டி இருக்கிற இடங்கள் உண்டு, ஆனால் கூட்டம் ஏறுகிற நேரத்தில் அந்தச் சட்டியிலேயே கோழியும் போட்டுவிடுகிறார்களா என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

பஃபேயை நான் முழுக்க ஒதுக்கிவிடுவேன். சமையல்காரர் எவ்வளவு கவனமாகச் செய்து வைத்தாலும், ஒரு பாத்திரத்து இடுக்கியை இன்னொன்றில் போட ஒரு பசித்த குழந்தை போதும். சில இடங்களில், சொன்னால் பின்னாலிருந்து தனியாகப் புதுப் பாத்திரத்தில் எடுத்துவந்து தருவார்கள். அப்படித் தந்தால் சாப்பிடலாம், மேசையில் பரப்பி வைத்ததைத் தொட வேண்டாம். தள்ளுவண்டிகளிலும் விழாக்காலத்துக்கு மட்டும் முளைக்கிற தற்காலிகக் கடைகளிலும் பாக்கெட் பிரிக்காத பொருள் தவிர எதுவும் வாங்குவதில்லை, அங்கே கோப்பும் இருக்காது, கேட்க ஆளும் இருக்காது. உட்கார்ந்து சாப்பிடுகிற உணவகம்தான் விலை கூடினாலும் எங்கள் தேர்வு. அங்கே சமைக்கிறவரோ மேனேஜரோ மேசைக்கு வந்து பேச வாய்ப்பு இருக்கிறது. ஐந்தாறு கை இரண்டாகக் குறைகிறது.

நேரமும் ஒரு பாதுகாப்புதான். உணவகம் திறந்த முதல் அரை மணி நேரத்தில் சமையலறை சுத்தமாக இருக்கும், எண்ணெய் புதிதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆட்களுக்குப் பதில் சொல்லப் பொறுமையும் இருக்கும். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தைத் தவிருங்கள், காலையில் உங்களிடம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டவர் கிளம்பிப் போயிருப்பார். நேற்று இதே இடத்தில் இதையே சாப்பிட்டானே என்பதும் செல்லாது. ஒரு பிராண்ட் பன் தீர்ந்து வேறு பிராண்ட் வந்திருக்கலாம், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே கேட்க வேண்டும்.

நான் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், உள்ளங்கை அளவு. என்னென்ன ஆகாது, எந்தெந்தப் பெயரில் அது ஒளிந்திருக்கும் (பால் என்றால் வெண்ணெய், மோர்த்தூள், கேசின், வே), தனிச் சட்டியும் தனிக் கரண்டியும் வேண்டும் என்று பெரிய எழுத்தில், அந்த ஊர் மொழியில். வாயால் சொன்னதையே அட்டையாகவும் கொடுத்து, இதைச் சமைக்கிறவர் கையிலேயே கொடுங்கள் என்று கேட்பேன். சொல் தேயும், அட்டை தேயாது. தட்டோடு அந்த அட்டையும் திரும்பி வந்தால் கொஞ்சம் மூச்சு விடுவேன்.

வெளியிலிருந்து உணவு கொண்டுவரக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிற பூங்காக்கள் பலவும் மருத்துவக் காரணத்துக்கு விலக்கு தருகின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் வாசலில் பை சோதிக்கிறவரோடு வாக்குவாதம் வேண்டியதில்லை. ஒரு வேளை உணவு எப்போதும் பையில் இருக்கட்டும். எந்த உணவகத்திலும் சாப்பிடாமல் எழுந்து வரும் தைரியம் அந்த டப்பாவிலிருந்துதான் வருகிறது.

இனி ஊசி. அட்ரினலின் ஊசிப் பேனா, அதாவது அனாஃபிலாக்சிஸுக்கான மருந்தை நிரப்பி நாமே போடும்படி செய்த ஊசி, இரண்டு, பிள்ளை இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும், இதைத்தான் எல்லா டாக்டரும் சொல்வார்கள். தீம் பார்க் இதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்டிருக்கிறது. ரோலர் கோஸ்டர் வாசலில் பையை லாக்கரில் வை என்பார்கள். நீங்கள் இன்னொரு பிள்ளையோடு வெளியே நிற்பீர்கள், இவன் அப்பாவோடு உள்ளே நாற்பது நிமிட வரிசையில் நிற்பான், ஊசி லாக்கரில் பூட்டியிருக்கும். வரிசையில் நிற்கும்போதுதான் சற்றுமுன் சாப்பிட்டது வேலையைக் காட்டும். இடுப்பில் ஜிப் போட்ட சின்னப் பையில் ஊசியைக் கட்டிக்கொண்டு போய், இது உயிர்காக்கும் மருந்து என்று சொன்னால் பெரும்பாலும் விடுவார்கள். கூடாது என்று சொல்கிற ராட்டினத்தில், ஏறும் கடைசிப் படி வரை வைத்திருந்து, அங்கே நிற்கும் ஊழியரிடமோ ஏறாமல் நிற்கிறவரிடமோ கொடுத்துவிட்டு ஏறலாம். எங்கள் வீட்டில் சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரத்துக்கு பையை லாக்கரில் வைக்கச் சொல்லும் ராட்டினமே கிடையாது, அந்த நேரத்தில் மேடை நிகழ்ச்சி, ஊர்வலம், நிழலில் உட்காருவது. வெயிலும் ஊசிக்கு எதிரி, 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் வைக்கச் சொல்லும் மருந்து அது. பூட்டிய காரிலோ வெயிலில் நிற்கிற ஸ்ட்ரோலரின் மேல் பையிலோ வைக்கக் கூடாது, ஐஸ் மேல் நேராக வைக்கவும் கூடாது.

அளவு டாக்டர் எழுதித் தருவது, பொதுவாக 15 முதல் 30 கிலோ வரை 0.15 மில்லிகிராம், அதற்கு மேல் 0.3. தொடையின் வெளிப்பக்கம், வேண்டுமானால் துணி மேலேயே. மூச்சு இழுப்பு, குரல் மாறுவது, திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றி முகம் வெளிறுவது, இப்படி ஒன்று தெரிந்தால் யோசிக்க வேண்டாம், ஊசிதான் முதலில். அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாய் அடைப்பதை நிறுத்தாது. அதைக் கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்கிற நிமிடங்கள்தான் பறிபோகிற நிமிடங்கள். 5 முதல் 15 நிமிடத்தில் தேறவில்லையென்றால் இரண்டாவது ஊசி, அதற்குத்தான் இரண்டு. ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு இப்போது மூக்கில் அடிக்கிற அட்ரினலின் ஸ்ப்ரேயும் வந்திருக்கிறது, 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

நான் அன்றைக்கு மகனை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது தவறு என்று டாக்டர் சொன்னார். அனாஃபிலாக்சிஸில் இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும், அந்த நேரத்தில் நிற்க வைப்பதும் நடக்க வைப்பதும் நிமிர்த்தித் தூக்குவதும் இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைத்துவிடும். இருந்த இடத்திலேயே படுக்க வைத்து, காலை உயர்த்தி, மூச்சுத் திணறினால் உட்கார வைத்துக் காலை நீட்டி, ஊசியைப் போட்டுவிட்டு, உதவியை அங்கே வரவழைக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிற எந்த ஊழியரிடமும், பாப்கார்ன் விற்பவரிடமும், வயர்லெஸ்ஸோ உதவியைக் கூப்பிடும் வேறு வழியோ இருக்கும். ஆம்புலன்ஸுக்கு எந்த வாசல் என்று நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். தேறிவிட்ட மாதிரி இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வருவதுண்டு.

இன்னொரு விஷயம், இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து எங்கள் நாளின் திட்டமே மாறிவிட்டது. வேர்க்கடலை அலர்ஜி உள்ள பெரியவர்களை வைத்து பிரிட்டனில் செய்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உடற்பயிற்சி செய்தபோதும் தூக்கம் குறைந்தபோதும், எதிர்வினையைத் தூண்டத் தேவையான அளவு சுமார் 45 சதவீதம் குறைந்தது. அதாவது ஓய்வாக இருக்கும்போது தாங்கிய துளியை, களைத்த உடம்பு தாங்காமல் போகலாம். தீம் பார்க் நாள் எப்படிப் போகிறது? விடிவதற்கு முன் எழுந்து, பகல் முழுக்க நடந்து ஓடி, இரவு வாணவேடிக்கைக்கு முன் அகப்பட்டதை வாங்கிச் சாப்பிடுவது. உடம்பு மிகக் களைத்திருக்கும் நேரமும், சமையலறை மிக நெரிசலாக இருக்கும் நேரமும், நம் கேள்விகள் மிகச் சோர்ந்திருக்கும் நேரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. அதனால் உணவகச் சாப்பாட்டை நாங்கள் மதியத்துக்கு முன்பே முடித்துவிடுவோம். இரவுச் சாப்பாடு பையில் இருக்கும் டப்பாதான்.

கை துடைக்கிற ஜெல்லை நம்பாதீர்கள். வேர்க்கடலைப் புரதத்தை வைத்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் சோப்பும் ஈரத் துடைப்பான்களும் கையைச் சுத்தமாக்கின, வெறும் தண்ணீரும் கிருமிநாசினி ஜெல்லும் மிச்சம் விட்டன. ராட்டினத்தின் கைப்பிடியில் முன்னால் உட்கார்ந்தவரின் ஐஸ்கிரீம் கை பட்டிருக்கும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், மேசையை ஒரு ஈரத் துடைப்பானால் துடைத்தால் போதும். தொட்டதாலேயே பெரிய ஆபத்து வருவது அரிது, தொட்ட கை வாய்க்குப் போவதுதான் பிரச்சினை.

மகனுக்கு இப்போது பதினொரு வயது. போன முறை உணவகத்தில் நான் அட்டையை எடுப்பதற்குள் அவனே பேச ஆரம்பித்துவிட்டான். "எனக்குப் பால் அலர்ஜி, முந்திரி பிஸ்தா அலர்ஜி. சாப்பிட்டா மூச்சு அடைக்கும். சமைக்கிறவங்ககிட்ட நானே பேசலாமா?" ஆர்டர் எடுக்க வந்த பெண் கையிலிருந்த திரையை மேசையில் வைத்துவிட்டு அவன் உயரத்துக்குக் குனிந்து, "இருப்பா, கூட்டிட்டு வரேன்" என்றாள். ஐந்து நிமிடம் கழித்து வெள்ளைக் கோட்டோடு ஒருவர் வந்தார், கையில் ஒரு தடித்த கோப்பு. இரண்டு பேரும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்கள். பன் இருக்கும் பக்கம் வந்ததும் மகன் நிமிர்ந்து, "இதைச் சூடு பண்ற தட்டுல வெண்ணெய் தடவுவீங்களா?" என்று கேட்டான். அவர் ஒரு கணம் யோசித்தார். "தடவுவோம்" என்றார். "உனக்கு வேற சட்டில பண்றேன்."